மேற்கோள் எண்ணும் புலமையின் நிறையும்

ஒகேனக்கலுக்கு மேலே, காவிரி தமிழகத்துள் புகும் பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையத்தார் ஆற்றின் வரத்தை நாள்தோறும் அளக்கின்றனர். விநாடிக்கு இத்தனை கன அடி என்று அவர்கள் குறிக்கும் எண்ணைக் கொண்டே, அருவியடியில் பரிசல் ஓட்டலாமா என்பது முதல், கர்நாடகம் தரவேண்டிய பங்கு வந்து சேர்ந்ததா என்பது வரை தீர்மானமாகிறது. ஆயினும் அந்நீர் எந்த வயலை விளைவித்தது, எந்தக் கரையை அரித்தது என்பதை அவ்வெண் உரைப்பதில்லை. ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் பிறரால் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்று கூறும் மேற்கோள் எண்ணும் இத்தகையதே என்பதும், மனோதத்துவ சாஸ்திரத்தில் இக்குறை தெளிவாகப் புலப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

அறிவியலுக்கு மேற்கோள் அட்டவணை வேண்டுமென்று 1955-இல் எழுதிய யூஜின் கார்ஃபீல்டு, பழைய கட்டுரையொன்றைக் கண்டித்துப் பின்னர் எழுந்த விமர்சனங்களை ஆய்வாளர் தவறவிடலாகாது என்பதை அதன் முக்கியப் பிரயோஜனமாகக் கருதினார். ஆளை அளக்கும் கோலாக அது ஆனது பிற்காலத்து நிகழ்ச்சி. 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துப் பௌதிகப் பேராசிரியர் ஹோர்ஹே ஹிர்ஷ், நாற்பது கட்டுரைகள் ஒவ்வொன்றும் நாற்பது முறையேனும் மேற்கோளாயின் அவற்றின் ஆசிரியருக்கு நாற்பது என்னும் மதிப்பைத் தரும் எச்-குறியீட்டெண்ணை வகுத்தார்.

அதே வளாகத்தில் மனோதத்துவப் பேராசிரியராக விளங்கியவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன். 1990-களின் நடுவில் அவர் அமைத்த கருவி, நடுவே கண்ணாடி நிறுத்திய ஒரு சாதாரணப் பெட்டிதான்; கை இழந்தவர் எஞ்சிய கையை அதனுள் நீட்டி அசைத்துப் பிம்பத்தைப் பார்க்க, இல்லாத கையே அசைவதாகத் தோன்றி, அதன் இறுகிய விரல்கள் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர். பல நாட்டு மருத்துவர்கள் இதனைச் சோதித்தபோது சாதகமான முடிவுகளும் அல்லாதனவும் கிடைத்தன. ஒரு செயலைத் தான் செய்யும்போதும் பிறர் செய்யக் காணும்போதும் இயங்கும் ‘கண்ணாடி நியூரான்’களின் பழுதே ஆட்டிசத்துக்குக் காரணமாகலாம் என்று 2006-இல் அவரும் லின்ட்ஸே ஓபர்மனும் முன்வைத்த கருதுகோளோ கண்டனத்துக்கு இலக்காயிற்று. கிரெகரி ஹிக்காக் 2014-இல் கண்ணாடி நியூரான் கொள்கையையே மறுத்து ஒரு நூல் எழுதினார். ஏற்றவரும் சோதித்தவரும் கண்டித்தவரும் மூலத்தைச் சுட்டியே எழுத வேண்டியிருத்தலின், மூவகையும் ஒரே கணக்கில் ஏறுகின்றன.

இதற்கு நேர்மாறாக, எண்ணில் அகப்படாத செல்வாக்கும் உண்டு. 1934-ஆம் ஆண்டுப் பீகார் பூகம்பத்துக்குப் பின் பரவிய வதந்திகளை ஆராய்ந்து ஜமுனா பிரசாத் 1935-இல் வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் காணாத ஊர்களில், இன்னும் பெரிய ஆபத்து வருகிறதென்ற பேச்சு ஏன் பரவியது என்று பிரசாதின் ஆய்வைக் கொண்டு லியோன் ஃபெஸ்டிங்கர் சிந்தித்ததே, ஒன்றோடொன்று பொருந்தாத எண்ணங்களால் எழும் உளைச்சலைத் தணிக்க மனிதர் முயல்வர் என்று அவர் 1957-இல் விரித்துரைத்த அறிவு முரண்பாட்டுக் கொள்கைக்கு வித்தாயிற்று. அக்கொள்கையைக் கையாளும் பின்னோர் பெரும்பாலும் ஃபெஸ்டிங்கரைச் சுட்டுவதோடு நிற்பராதலின், பிரசாதின் கணக்கில் அம்மேற்கோள்கள் ஏறுவதில்லை.

எண்களை ஒதுக்கினால் நியமனக் குழுக்களில் சிபாரிசும் தயவுமே கோலோச்சும் என்பர். அந்த அச்சம் நியாயமானதே. ஆகவே எண்ணை விலக்க வேண்டுவதில்லை, பகுத்தறிய வேண்டும். விண்ணப்பதாரரின் சிறந்த கட்டுரைகள் மூன்றை எடுத்துக்கொண்டு, அவற்றை மேற்கோள் காட்டியோருள் சோதித்து ஏற்றவர் யார், சோதித்து மறுத்தவர் யார், பெயரளவில் சுட்டிச் சென்றவர் யார் என்று குழுவினர் வகுத்துக் காண்பாராயின், கார்ஃபீல்டு கருதிய பயன் கைகூடும். அதற்குக் கட்டுரைகளைப் படித்தாக வேண்டும். படிக்க அவகாசமில்லாத குழு, ஒருவரின் புலமையை நிர்ணயிக்கும் அதிகாரத்தையும் கோரலாகாது.