மூன்று முறை சொல்லியும்...

விமான விபத்து என்றாலே எஞ்சின் கோளாறு, புயல் மழை என்றுதான் நமக்குத் தோன்றும். எஞ்சினும் நன்றாக ஓடி, வானமும் தெளிவாக இருந்தபோது நடந்த ஒரு விபத்தைப் பற்றி இங்கே பார்ப்போம் நண்பர்களே.

2010 மே 22, காலை 6 மணி. துபாயில் இருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 விமானம் மங்களூரில் தரையிறங்கியது. அங்கே ஓடுபாதை குன்றின் உச்சியில் இருக்கிறது, அது முடிந்தால் பள்ளம்தான். சுமார் 8000 அடி நீள ஓடுபாதையில் 5200 அடி தாண்டிய பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது! விமானம் நிற்காமல் பள்ளத்தில் விழுந்து தீப்பிடித்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 8 பேர் மட்டுமே.

காக்பிட் பேச்சைப் பதிவு செய்யும் கருவியில் கடைசி 2 மணி 5 நிமிடம் இருந்தது. அதில் முதல் 1 மணி 40 நிமிடமும் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டைச் சத்தம் கூடப் பதிவாகியிருந்தது. மங்களூர் ரேடாரும் அப்போது பழுதாகி இருந்ததால் கீழே இறங்க அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது. விமானம் இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் வந்தது. கேப்டன் அதை வேகமாகக் கீழே இறக்கினார்.

இப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும்? இறங்குவதைக் கைவிட்டு மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வர வேண்டும். இதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்'. துணை விமானி இதை மூன்று முறை சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. கேப்டன் கேட்கவில்லை. தரையைத் தொட்ட பிறகாவது முழு பலத்துடன் பிரேக் போட்டிருந்தால் விமானம் நின்றிருக்கும் என்கிறது விசாரணை அறிக்கை. ஆனால் அவர் அப்போதுதான் மறுபடி மேலே எழும்பப் பார்த்தார்.

துணை விமானியின் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்பது அதற்கு 30 வருடம் முன்பே கற்ற பாடம். 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம் சக்கரக் கோளாறுக்காக ஒரு மணி நேரம் வட்டமடித்தது. எரிபொருள் குறைவதைக் கூட இருந்தவர்கள் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். கேப்டனுக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981ல் யுனைடெட் புதிய பயிற்சியைத் தொடங்கியது. சிறியவர் தயங்காமல் சொல்ல வேண்டும், பெரியவர் காது கொடுக்க வேண்டும். இதுதான் அந்தப் பயிற்சியின் சாரம்.

மங்களூரில் சிறியவர் தயங்கவில்லை, சொல்லிவிட்டார். ஆனாலும் முடிவு கேப்டன் கையிலேயே இருந்தது. அதனால்தான் இன்று பல நிறுவனங்களில் விதி இப்படி இருக்கிறது: இருவரில் யார் 'கோ அரவுண்ட்' சொன்னாலும் விமானம் மேலே ஏறியே ஆக வேண்டும். விவாதம் எல்லாம் பிறகு.

வாய் திறந்து பேசு என்று சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலைதான். அப்படிப் பேசியதும் பெரியவர் நிறுத்தியே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்தால்தான் மீதிப் பாதியும் முடியும்.