தேஜஸ் விமானத்தில் 'மேட் இன் ஆவடி' ஷாஃப்ட்: அதிவேகத்தில் கப்ளிங் ஏன் ஆட்டம் காணுது?

டாங்குகளுக்குப் பேர்போன ஆவடிக்கு, போர் விமானத்திலும் ஒரு பங்கு இருக்கு. ஆவடியில் உள்ள டி.ஆர்.டி.ஓ.வின் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் உருவாக்கிய 'பவர் டேக் ஆஃப்' (பி.டி.ஓ.) ஷாஃப்ட், 2023 மார்ச் 14ஆம் தேதி பெங்களூருவில் தேஜஸ் எல்.எஸ்.பி.-3 விமானத்தில் முதன்முறையாகப் பறக்கவிட்டு சோதிக்கப்பட்டது. ஒரு ஷாஃப்ட்டில் அப்படி என்ன விஷயம்? விரிவாகப் பார்க்கலாம்.

இதன் வேலை என்ன?

எஞ்சின் கியர்பாக்ஸையும், விமானத்தின் துணை கியர்பாக்ஸையும் இணைப்பது இந்த ஷாஃப்ட்தான். ஜெனரேட்டர், ஹைட்ராலிக் பம்புகளை ஓட்டுவது அந்தத் துணை கியர்பாக்ஸ். தேஜஸுக்கு இருப்பது ஒரே எஞ்சின். ஷாஃப்ட் முறிந்தால், எஞ்சின் நன்றாக ஓடினாலும் இவற்றுக்கு சக்தி போய்ச் சேராது.

சிக்கல் எங்கே?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டாரையும் பம்பையும் கப்ளிங் போட்டு இணைக்கும்போது, டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் பார்ப்பாங்க. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய மெஷினுக்கு அது சரி. விமானத்திலோ வெப்பத்தாலும் சுமையாலும் இரு கியர்பாக்ஸும் கொஞ்சம் இடம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால் கப்ளிங் வளைந்து கொடுக்கணும்.

ஆனால், வளைந்து கொடுக்கும் பொருளின் இயல்பான அதிர்வெண் குறைவு. சுழலும் வேகம் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால், ஊஞ்சலை சரியான நேரத்தில் தள்ளுவது போல அதிர்வு ஏறிக்கொண்டே போகும். ஷாஃப்ட் வில் மாதிரி வளைந்து சுற்றும். இதைத்தான் 'கிரிட்டிக்கல் ஸ்பீடு' என்கிறார்கள்.

ஒரு கிராம் என்ன செய்யும்?

வேகம் இரண்டு மடங்கானால், சமநிலை தவறிய எடையின் இழுவிசை 4 மடங்காகும். உதாரணமாக, நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் ஷாஃப்ட்டில், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், சுமார் 12 கிலோ எடைக்கு சமமான விசை ஷாஃப்ட்டை இழுக்கும். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும்!

தீர்வு என்ன?

ஒரே வேகத்தில் ஓடும் மெஷின் என்றால், கிரிட்டிக்கல் ஸ்பீடை அந்த வேகத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும். போர் விமான எஞ்சினின் வேகம் அடிக்கடி ஏறி இறங்கும். இதைச் சமாளிக்க, காப்புரிமை பெற்ற 'ஃப்ரீக்வென்சி ஸ்பானிங்' நுட்பத்தைப் பயன்படுத்தியதாக டி.ஆர்.டி.ஓ. தெரிவித்தது. எடை குறைந்த இந்த ஷாஃப்ட்டுக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் தேவையில்லை. இனி வரும் போர் விமானங்களுக்கும் இது கைகொடுக்கும் என்கிறது டி.ஆர்.டி.ஓ.