இலவசக் கல்வியும் சமூகத் தலைமையும்

பல்கலைக்கழகம் நாட்டுக்குத் தலைவர்களைத் தருகின்றது என்பது பட்டமளிப்பு விழாக்களில் வழமையாகக் கேட்கும் கூற்று. அத்தலைமை எவ்வாறு உருவாகின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. பாடவிதானத்தை விட, தம் கல்விக்குச் செலவிட்ட மக்களோடு கற்றவர் கொள்ளும் உறவே அதனை உருவாக்குகின்றது என்பதை இலங்கையின் அனுபவம் காட்டுகின்றது.

1942 இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், ஆங்கில மரபைத் தழுவிய வதிவிடப் பல்கலைக்கழகம் ஒன்றையே விரும்பினார். மறுபுறத்தில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று நிறைவேற்றிய இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்தது. முன்னையது சிறியதோர் உயர்குழாத்தை நோக்கியது. பின்னையது கிராமத்துப் பிள்ளையை நோக்கியது. 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயரத் தொடங்கிற்று. 1960 களில் தாய்மொழி மூலம் கற்ற மாணவர் கலைப்பீடத்திற்குத் திரளாக வந்தபோது, இவ்விரு நோக்கங்களும் ஒரே விடுதி மண்டபங்களில் சந்தித்தன.

அச்சந்திப்பின் பயனைப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் கூத்து முயற்சிகளிற் காணலாம். நாட்டுப்புறத்தாருடையதென ஒதுக்கப்பட்டிருந்த வடமோடி, தென்மோடிக் கூத்துகளை அவர் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றில் ஆடியவர்கள் மாணவர்கள். தம் ஊர்க் களரியிற் கண்டது ஆராய்ச்சிக்குரிய செல்வம் என்பதைக் கிராமத்து மாணவர் அங்கே உணர்ந்தனர். அம்மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி அக்கலையை மட்டக்களப்பு மண்ணிலேயே வளர்த்தார். கற்றவர் ஊருக்குத் திரும்பிச் சென்றமையே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இவ்வரலாறு பெருமிதம் மட்டும் தருவதன்று. 1970 களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், பொதுப் பல்கலைக்கழகம் அனைவர்க்கும் பொதுவானதா என்ற ஐயத்தைத் தமிழ் இளைஞரிடையே விதைத்தது. பெருந்தோட்டப் பாடசாலைகளோ அப்பத்தாண்டிலேயே அரசின் பொறுப்பில் வரத் தொடங்கின. தேயிலையால் நாட்டின் வருவாயைப் பெருக்கியோரின் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி ஒரு தலைமுறை தாமதித்தே சென்றடைந்தது.

1974 இல் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு உடற்கூற்றியல் கற்பித்த மருத்துவர் ராஜினி திராணகம, கொழும்புப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். இங்கிலாந்தில் மேற்படிப்பை முடித்தபின் போர்ச்சூழலுக்கே திரும்பி வந்தார். சக விரிவுரையாளருடன் இணைந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை நிறுவி, எத்தரப்பினர் இழைத்த அநீதியையும் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21 இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆய்வாளருக்குரிய நேர்மையைச் சமூகக் கடமையாகக் கொண்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

பட்டம் பெற்ற அனைவரும் இவ்வழி நின்றனர் எனல் பொருந்தாது. பதவியோடு அமைந்தோர் பலர். கடல் கடந்தோரும் பலர். அவர்களுட் சிலரை நாட்டின் நிலைமையே துரத்திற்று. ஆயின், இலவசக் கல்வி எனப்படுவது விலையற்ற கல்வியன்று. பல்கலைக்கழக வாயிலை ஒருபோதும் மிதியாத கமக்காரரும் மீனவரும் தோட்டத் தொழிலாளரும் அதன் விலையைச் செலுத்தி வருகின்றனர். அவர்களுக்கு நாம் எவ்வாறு கணக்குக் கொடுக்கப்போகின்றோம் என்பதை இங்கு பயிலும் காலத்திலேயே சிந்தித்தல் நம் கடனாகும்.