'மொக்கு' எண்டு சொல்லுறதுக்கு முதல்

எங்களில் மூன்று பேர் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். தரம் 5, புலமைப்பரிசில் பரீட்சை வருடம். காலமை முதல் பாடமே சொல்வதெழுதுதல்தான். பத்துச் சொல், பிழைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் அடிமட்டத்தால் உள்ளங்கையில் ஒரு அடி. கடைசி வாங்கில் இருந்த பெடியன் ஒருவனுக்கு அநேகமான நாட்களில் எட்டு, ஒன்பது விழும். அதே பெடியன்தான் சுற்றாடல் பாடத்தில் வாயால் கேட்கிற கேள்விக்கெல்லாம் முதலில் கை உயர்த்துவான். கன்ரீனில் மிச்சக்காசு எவ்வளவு எண்டு எங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லுறதும் அவன்தான். வாசிக்கச் சொன்னால் மட்டும் எழும்பி நின்று, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், எழுத்தெழுத்தாகப் பொறுக்குவான். வரி முடியிறதுக்குள்ள தொடக்கத்தில் என்ன வந்தது எண்டு அவனுக்கே மறந்திருக்கும். நாங்கள் சிரிப்போம். 'மொக்கு' எண்டு அவனுக்குப் பட்டம் வைத்தது ரீச்சர் இல்லை, நாங்கள்தான்.

கம்பஸுக்கு வந்து, கல்வி வரலாறு பற்றிய ஒப்படை ஒன்றுக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது 1896ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. வாசித்து முடித்ததும் மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் சொன்னோம். கட்டுரையில் இருந்த பெயரை அல்ல, அந்தக் கடைசி வாங்குப் பெடியனின் பெயரை.

சீபோர்ட் ஊரின் பேர்சி

இங்கிலாந்தின் தென்கரையில் சீபோர்ட் என்று ஒரு கடலோர ஊர். அங்கே வைத்தியராக இருந்த பிரிங்கிள் மோர்கன், 1896 நவம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதில் வருகிறவன் 14 வயதுப் பேர்சி. ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடத்திலும் வீட்டு ஆசிரியர்களிடமும் படித்தும் அவனால் மிகச் சிறிய சொற்களைத் தவிர வேறு எதையும் வாசிக்க முடியவில்லை. சொந்தப் பெயரை எழுதும்போதே இரண்டு எழுத்துகளை இடம்மாற்றி 'ப்ரேசி' என்று எழுதினான். பிழையென்று ஒரு தடவைக்கு மேல் சுட்டிக்காட்டிய பிறகுதான் அவனுக்கு அது தெரிந்தது. ஆனால் பெரிய பெரிய இலக்கங்களை மளமளவென்று வாசித்தான், அட்சரகணிதம் செய்தான், விளையாட்டிலும் குறைவில்லை. கண்பார்வையிலும் பழுதில்லை. படிப்பித்தல் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுக்குப் பல வருடங்கள் படிப்பித்த ஆசிரியர் சொன்னதாக மோர்கன் பதிந்திருக்கிறார்.

இந்தக் கட்டுரை வெறுமையிலிருந்து வரவில்லை. 1877 இல் ஜேர்மன் வைத்தியர் அடோல்ப் குஸ்மவுல், மூளை பாதிக்கப்பட்டதால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றி எழுதும்போது 'சொற்குருடு' என்ற பொருள்படும் ஒரு பெயரைத் தந்திருந்தார். ஸ்ருட்கார்ட் நகரக் கண்வைத்தியர் ருடோல்ப் பெர்லின் 1887 இல் வெளியிட்ட நூலில் 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல் வந்தது. கிளாஸ்கோவின் கண்வைத்தியர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வூட் 1895 இல் இதைப் பற்றி எழுதினார். அதை வாசித்த பிறகுதான் பேர்சியிடம் இருப்பது என்னவாக இருக்கும் என்று மோர்கனுக்குப் புலப்பட்டது. மூளையில் அடிபடாமலே, பிறவியிலேயே இப்படி இருக்கலாம் என்பதுதான் அவர் புதிதாகச் சொன்ன விசயம்.

ஏன் சரியாக அந்தக் காலத்தில்? இது எங்களுக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது. வயலில், பட்டறையில், கடலில் வேலை செய்கிற ஒரு பிள்ளைக்கு வாசிக்க வராது என்பது 18ஆம் நூற்றாண்டில் யாருக்கும் ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. இங்கிலாந்தில் 1880 இல் ஆரம்பக் கல்வி கட்டாயமானது. அதற்கு முன்னரே, 1862 இலிருந்து, பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சித்தியடைவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்கும் முறை நடந்துகொண்டிருந்தது. பெறுபேற்றுக்குப் பணம் என்கிற இந்த முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கும் வந்தது. வாசிக்க முடியாத பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்துக்கு நட்டம். அப்படி ஒரு இடத்தில் பிரம்பு சும்மா இருக்குமா?

அடிக்க வேண்டாம் என்று சொன்னவர்

ஹின்ஷெல்வூட் இருபது வருடங்களுக்கு மேல் இதே விடயத்தில் நின்றார். 1917 இல் 'பிறவிச் சொற்குருடு' பற்றி ஒரு நூலே எழுதினார். சொற்களின் உருவங்கள் மூளையின் ஒரு மூலையில் சேமிக்கப்படுகின்றன, அந்த மூலையில்தான் பழுது என்ற அவருடைய விளக்கம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் அவர் சொன்ன இரண்டு விடயங்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்று, இந்தப் பிள்ளைகளை மந்தபுத்தி என்று ஒதுக்குவதும், அவர்கள் பொறுப்பில்லாத ஒரு குறைக்காக அவர்களை அடிப்பதும் அநியாயம். மற்றது, அவர்களுக்குத் தனியாகப் படிப்பிக்க வேண்டும்; அதுவும் நீண்ட நேரம் இருத்தி வைக்காமல், ஒரு நாளைக்குப் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதையும் அவர் கவனித்திருந்தார்.

அடுத்த படி அமெரிக்காவில். அயோவா மாநிலத்தில் சாமுவேல் ஓர்ட்டன் என்ற வைத்தியர் 1925 இல் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புச் சிக்கல் பற்றிய தன் முதல் கட்டுரையை வெளியிட்டார். பிறகு ஆனா கில்லிங்ஹாம், பெசி ஸ்டில்மன் என்ற இரண்டு ஆசிரியைகள் அவருடைய கருத்துகளை ஒரு படிப்பிக்கும் முறையாக மாற்றி 1930களில் கைநூலாக்கினார்கள். முழுச் சொல்லைப் படம்போலப் பார்த்து மனப்பாடம் செய்ய விடாமல், ஓர் ஒலி, அதற்கான எழுத்து என்று படிப்படியாகப் போவது. பார்த்து, கேட்டு, வாயால் சொல்லி, கையால் வரைந்து எல்லாப் புலன்களாலும் பழக்குவது. இன்று உலகம் முழுக்க நடக்கிற பல பயிற்சிகளுக்கு இதுதான் தாய்.

இதை வாசித்தபோது ஏடு தொடக்கலன்று எங்களை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் 'அ' எழுதுவித்தது ஞாபகம் வந்தது. வாயால் சொல்லிக்கொண்டே விரலால் எழுதினோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகியதும் அப்படித்தான். 'எங்கட ஆக்களுக்கு எல்லாம் முதலே தெரியும்' எண்டு பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அதே திண்ணையில் கோடாப்பிரம்பும் இருந்தது. அரிசித் தட்டு ஒரு நாளோடு முடிந்துபோக, பிரம்பு மட்டும் தொடர்ந்து வந்தது என்பதுதான் கவலை.

பெற்றோர் தட்டிய கதவு

வைத்தியர்கள் எழுதிவிட்டால் மட்டும் பள்ளிக்கூடம் மாறிவிடாது. பிரித்தானியாவில் பேர்சியைப் பற்றி எழுதி 66 வருடங்களுக்குப் பிறகு, 1962 இல்தான், இந்தப் பிள்ளைகளுக்கென்று லண்டனில் 'சொற்குருடு நிலையம்' தொடங்கியது. பத்து வருடம் இயங்கிய அந்த நிலையத்தின் அனுபவத்திலிருந்து அதன் இயக்குநராக இருந்த சந்தியா நாயுடு 1972 இல் ஒரு ஆய்வு நூலை வெளியிட்டார். அதே வருடம் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடிய உள்ளூர்ச் சங்கங்கள் சேர்ந்து பிரித்தானிய டிஸ்லெக்ஸியா சங்கத்தை அமைத்தன. அதே 1972 இல் வந்த அரச ஆலோசனைக் குழுவின் அறிக்கையோ அந்தப் பெயரையே பாவிக்கத் தயங்கியது. படிக்காத பிள்ளைக்கு வசதியான தாய் தகப்பன் வைக்கிற நாகரிகப் பெயர்தான் டிஸ்லெக்ஸியா எண்டு நக்கலடித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த நக்கலில் ஒரு உண்மைத் துண்டும் இருக்கிறது. பேர்சிக்கு வீட்டு ஆசிரியர்களும் வைத்தியரும் கிடைத்தார்கள். தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்தது கடைசி வாங்கு. பெயர் பணக்காரருக்கும் பட்டம் ஏழைக்கும் என்று பிரிந்தது பெயரின் குற்றமில்லை. உதவி எல்லாருக்கும் போய்ச்சேராததின் குற்றம். 2000ஆம் ஆண்டில் பமேலா பெல்ப்ஸ் என்ற பெண்ணின் வழக்கில், பிள்ளையின் டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்கத் தவறினால் உள்ளூராட்சி சபையும் பொறுப்புச் சொல்ல வேண்டி வரலாம் என்று பிரித்தானியாவின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பேர்சியிலிருந்து அங்கே வர ஒரு நூற்றாண்டு எடுத்திருக்கிறது.

ஆய்விலும் இதற்கிடையில் ஒரு திருப்பம். இசபெல் லிபர்மன், பிராங்க் வெல்லுட்டினோ போன்றோர் 1970களில் சிக்கல் கண்ணில் இல்லை, சொல்லை ஒலிகளாகப் பிரித்துப் பிடிப்பதில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1983 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களான லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ரும், ஒரே ஒலியில் தொடங்குகிற, ஒரே ஒலியில் முடிகிற சொற்களைச் சேர்க்கிற விளையாட்டை பிளாஸ்ரிக் எழுத்துகளோடு சேர்த்துப் பழக்கியபோது பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியதை வெளியிட்டார்கள். எங்கட மொழியில் அதற்குப் பெயர் மோனை, இயைபு. பரீட்சைக்கு வரைவிலக்கணம் பாடமாக்கின அதே மோனைதான்!

தமிழில் இது எப்படித் தெரியும்?

ஆங்கிலப் புத்தகங்கள் எழுத்தைத் தலைகீழாகப் பார்ப்பது பற்றியே அதிகம் கதைக்கும். தமிழில் அதைத் தேடினால் ஏமாறுவோம். இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் பேசுவோரை ஒப்பிட்டு 2001 இல் வந்த ஓர் ஆய்வு, மூளையில் நடப்பது ஒன்றுபோல இருந்தாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் நெருக்கம் கூடிய இத்தாலியத்தில் வாசிப்பு அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை என்று காட்டியது. அப்படிப்பட்ட மொழிகளில் பிழையை விட வேகக் குறைவுதான் முதலில் தெரியும். தமிழும் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிற மொழி. ஆகவே 'பிழையில்லாமல் வாசிக்கிறான், ஆனால் சரியான மெதுவாய்' எண்டு சொல்லப்படுகிற பிள்ளையையும் கவனிக்க வேண்டும்.

ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் ஏலாது. ழ, ள இரண்டையும் ஒன்றாக உச்சரிக்கிற ஊரில் எல்லாரும்தான் அந்தப் பிழை விடுகிறோம். 'கொ' என்பதில் ஒலி ஒன்றாக இருக்க, குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. சொற்களோ ஒன்றோடொன்று ஒட்டி நீண்டுகொண்டே போகும். இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சக் காலம் கஷ்டம். பழக்கிய பிறகும் வருடக்கணக்காக அது நீங்காமல் இருந்தால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, இதைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதுதான் முறை. அந்தப் பெடியனுக்கு இருந்தது டிஸ்லெக்ஸியாதான் எண்டு சொல்ல நாங்களும் வைத்தியர்கள் இல்லை.

எங்கட வாங்குகளுக்குத் திரும்பி

இலங்கையில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 5 முதல் 14 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயம் என்று 1997 இல் ஒழுங்குவிதி வந்தது. பிறகு அது 16 வயது வரைக்கும் நீண்டது. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. நாங்கள் தரம் 5 படித்தது அந்தச் சுற்றறிக்கைக்குப் பிறகு. கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்ளே வந்த பிறகு வாசிக்க முடியாத பிள்ளைக்கு அந்த 45 நிமிடமும் எப்படிப் போகிறது என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி.

இந்த வரலாற்றிலிருந்து எடுக்கக்கூடியவை பெரிய செலவில்லாதவை. வீட்டில் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்து அழவிடாமல், பத்து நிமிடம், ஆனால் ஒவ்வொரு நாளும். அரிசித் தட்டிலோ மணலிலோ ஒலியைச் சொல்லிச் சொல்லி எழுதுவது. அம்மாவோ அம்மம்மாவோ கதை வாசித்துக் காட்டுவது, ஏனென்றால் வாசிக்க முடியாத பிள்ளைக்கும் அவளுடைய வயதுக்கேற்ற கதையும் சொற்களும் வேண்டும். தங்கச்சியோடு ஒப்பிடாமல் இருப்பது. வகுப்பில் திடீரென்று எழுப்பி வாசிக்கவிடாமல், எந்தப் பந்தி என்று முதல் நாளே சொல்லிவிடுவது. சரித்திர விடையில் எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைக்காமல் விசயத்துக்குப் புள்ளி போடுவது. வாயால் விடை சொல்ல இடம் கொடுப்பது.

பதின்ம வயதில் வாசிப்பை விட வெட்கம்தான் பெரிய சிக்கல். 14 வயதில் சிறுபிள்ளைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும். பாடத்தைப் பதிவுசெய்து கேட்பது, கூடுதல் நேரம் கேட்டு எழுதுவது, எந்த உதவி வேண்டும் என்பதை அவர்களையே சொல்லவிடுவது இந்த வயதுக்குப் பொருந்தும். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாங்கள் செய்யத் தவறிய வேலை அது.

இதை வெளியிட முன்னம் அவனிடம் கேட்டோம். அவன் வட்ஸ்அப்பில் ஒரு நாளும் எழுதி அனுப்புறதில்லை, குரல்பதிவுதான். 'ரைப் பண்ணப் பஞ்சியடா' எண்டு சொல்லுவான். நாங்களும் இவ்வளவு காலம் நம்பியிருந்தோம். இந்தக் கட்டுரையை மூன்று துண்டாக வாசித்துப் பதிந்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பினோம். இரண்டு நாளுக்குப் பிறகு பதில் வந்தது. பட்டத்தைப் பற்றியோ மன்னிப்பைப் பற்றியோ ஒன்றும் இல்லை. "அந்தப் பேர்சிப் பெடியன் பிறகு வாசிக்கப் பழகினவனோ?" எண்டுதான் கேட்டிருந்தான்.

மோர்கனின் கட்டுரை அதைச் சொல்லவில்லை. பிள்ளையிடம் என்ன குறை என்று விவரித்ததோடு அது முடிந்துவிடுகிறது. அதையே அவனுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குரல்பதிவு. அவனுடைய அண்ணாவின் மகள் இப்ப தரம் 3. அவளும் எழுத்தெழுத்தாகத்தான் பொறுக்கிறாளாம், பள்ளிக்கூடம் போக மாட்டன் எண்டு காலமையில அழுகிறாளாம். "உங்களுக்குத் தெரிஞ்சதை வந்து அண்ணிக்குச் சொல்லுறியளோ?"

வாற ஞாயிற்றுக்கிழமை போறம்.