லண்டனில் சோசெகி

ஜப்பானின் நட்சுமே சோசெகி, அரசின் உதவித்தொகையில் ஆங்கிலம் கற்க 1900 அக்டோபரில் லண்டன் சேர்ந்தார். அப்போது அவர் இன்னும் நாவலாசிரியர் ஆகவில்லை, குமமோட்டோவில் ஆங்கில ஆசிரியர். பல்கலைக்கழக வகுப்புகளை விரைவிலேயே விட்டுவிட்டு, ஷேக்ஸ்பியர் அறிஞர் வில்லியம் கிரெய்கிடம் தனிப்பாடம் கேட்டார். கையிலிருந்த பணம் புத்தகங்களில் கரைந்தது. இரண்டாண்டில் ஐந்து ஜாகைகள். தனிமை வாட்டியது; புத்தி பேதலித்துவிட்டதாக ஜப்பானுக்குச் செய்தியே போனது.

ஆனால் அந்தத் தனிமைக்குள்தான் பெரிய திருப்பம் நேர்ந்தது. ஆங்கிலேயர் புகழும் நூலைத் தானும் புகழ வேண்டியதில்லை, தன் ரசனையே தனக்கு அளவுகோல் என்று தெளிந்தார். எந்தப் பட்டத்தையும்விடப் பெரிது இந்தத் துணிவு. இலக்கியம் என்றால் என்ன என்ற கேள்விக்கு உளவியல் நூல்களிலும் விடை தேடிக் குறிப்புகளைக் குவித்தார். அவற்றிலிருந்து பிறந்த இலக்கியக் கோட்பாட்டு நூல் 1907-இல் வெளிவந்தது.