விண்மீன் மண்டலமும் சூழலும்

பிறப்பால் அமைவது எது, சூழலால் அமைவது எது? ஈப்போ நகரில் வளரும் பிள்ளையையும் பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசிரியர் உள்ளத்தில் இவ்வினா எழுவது இயல்பே. விண்மீன் மண்டலங்களை ஆராய்ந்த வானியலார் உள்ளத்திலும் இதே வினா எழுந்தது.

சித்திரை விண்மீன் ஒளிரும் கன்னி இராசியின் திசையில், ஏறத்தாழ ஐந்தரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் நெருங்கித் திரண்ட கொத்து ஒன்று உள்ளது. நமது பால்வீதியோ அக்கொத்துக்கு வெளியே, சிலவே ஆன அண்டை மண்டலங்களோடு ஒதுங்கிய சிற்றூர் போன்றது. அதன் சுருள் கரங்களில் புதிய விண்மீன்கள் இன்றும் பிறந்து வருகின்றன. நெருக்கடியான கொத்துகளிலோ நிலைமை வேறு. அங்கே கரங்களற்ற நீள்வட்ட மண்டலங்களே மிகுதி என்பதை எட்வின் ஹபிளும் மில்டன் ஹியூமசனும் 1931ஆம் ஆண்டிலேயே குறித்தனர்.

இதனை அளந்து நிறுவியவர் ஆலன் டிரஸ்லர். 55 கொத்துகளில் ஏறத்தாழ 6,000 மண்டலங்களை ஆராய்ந்து 1980இல் அவர் முடிவை வெளியிட்டார். ஒதுங்கிய வெளியில் பத்துக்கு எட்டு மண்டலங்கள் சுருள் வகையின. நெருக்கம் மிக்க நடுவிடத்திலோ பத்துக்கு ஒன்றே அவ்வகையினது.

காரணம் யாது? கொத்தின் இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான பாகை வெப்பமுள்ள வளி நிறைந்துள்ளது. அதனுள் விரைந்து புகும் மண்டலம், எதிர்க்காற்றில் மேலாடையை இழப்பவன்போலத் தன் குளிர்ந்த வளியை இழக்கும் என்று கன்னும் காட்டும் 1972இல் விளக்கினர். அவ்வளியே விண்மீன் பிறப்பதற்கு மூலப்பொருள். அஃது அகன்றபின் நீலநிற இளமீன்கள் மடிய, செந்நிற முதுமீன்களே எஞ்சும்.

எனினும் சூழலே அனைத்தும் என்பதற்கில்லை. பெருநிறை கொண்ட மண்டலம் தனித்திருப்பினும் விண்மீன் பிறப்பு ஓய்ந்துபோதல் உண்டு. நிறையும் சூழலும் தனித்தனியே செயற்படுவதை 2010இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. 2017இல் புனே நகர வானியலார் அறிவித்த 'சரசுவதி' என்னும் பெருங்கொத்து, அறுபது கோடி ஒளியாண்டு அகலமுடையது. அத்துணைப் பெரிய சூழல்களும் இன்று ஆய்வுக்குரியன.

விண்மீன் மண்டலம் தன் சூழலைத் தேர்ந்துகொள்ள இயலாது, மாற்றவும் இயலாது. மனிதன் நிலை அத்தகையதன்று. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வாழிடம் இழந்த காலத்தில், பேராக் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். உழைப்பாளர் சேமித்த சிறு தொகைகளே தோட்டங்களை விலைக்கு வாங்கின. சூழல் மனிதனை ஆக்குவது உண்மை. ஒன்றுபட்ட மனிதர் சூழலையே ஆக்குவதும் உண்மை. வகுப்பறையில் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.