முதல் அறுபது அடி: தெருக் காரின் சஸ்பென்ஷனும் பயனர்களின் பொறியியலும்

மோட்டார் வாகனத்தின் வரலாறு நம் பாடநூல்களில் பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவும் தொழிற்சாலையின் வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. வாங்கிய காரை வாங்கியவரே மாற்றியமைத்த வரலாறு அதில் ஓரத்துக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அந்த ஓரத்திலிருந்து ஒரு சிறு பகுதியை இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன். அன்றாடம் தெருவில் ஓடும் காரின் சஸ்பென்ஷனை டிராக் பந்தயத்தின் புறப்பாட்டுக்கு ஏற்பத் திருத்தியமைத்த அமெரிக்கர்களின் வரலாறு அது. பதிவு சற்று நீண்டது. பொறியியல் பயிலாத மாணவர்களும் பின்தொடர இயலுமாறு அடிப்படைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டிராக் பந்தயத்தின் இலக்கணம் எளியது. இரண்டு வண்டிகள் அசைவற்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும். கால் மைல் தொலைவை, அதாவது சுமார் 402 மீட்டரை, முதலில் கடப்பவர் வென்றவர். வளைவு இல்லை, மேடு பள்ளம் இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் நகரத் தெருக்களிலும் நடந்துவந்த வேகப்போட்டிகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமான ஓடுபாதைகளுக்கு இடம்பெயர்ந்தன. 1950இல் சாண்டா அனா விமான நிலையத்தில் கட்டண நுழைவுடன் முறையான போட்டிகள் தொடங்கின. 1951இல் ‘ஹாட் ராட்’ இதழின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தோற்றுவித்தார். அச்சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில், போர்க்கால விமானத் தளம் ஒன்றில் நடைபெற்றது. தெருவில் உயிரைப் பணயம் வைத்துப் போட்டியிடும் இளைஞர்களை விதிகளும் பாதுகாப்புச் சோதனையும் உள்ள களத்துக்குக் கொண்டுவருவதே சங்கத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம்.

அந்த நோக்கம் தொழில்நுட்பத்தின் போக்கையும் வடிவமைத்தது. வாரநாளில் வேலைக்குச் செல்லும் கார்தான் வார இறுதியில் பந்தயத்துக்கு வந்தது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே போட்டியிடும் வண்டிகளுக்கெனத் தனி வகுப்புகள் தேவைப்பட்டன. எடைக்கும் குதிரைத்திறனுக்கும் உள்ள விகிதத்தால் வகுப்புகள் பிரிக்கப்பட்டன. ஒரே வகுப்பில் நிற்கும் இரு வண்டிகளுக்கும் ஆற்றல் ஏறக்குறைய சமம். அந்நிலையில் முதல் அறுபது அடியில் டயரைச் சுழலவிடாமல் தரையைப் பற்றிப் புறப்படுபவர் பெறும் முன்னிலையை, எஞ்சிய தொலைவில் மீட்பது கடினம். போட்டியின் மையம் இவ்வாறு எஞ்சினிலிருந்து காரின் அடிப்பகுதிக்கு இறங்கியது.

அங்கே என்ன நிகழ்கிறது? 1,600 கிலோ எடையுள்ள, பின்சக்கரங்களால் இயங்கும் காரைக் கற்பனை செய்துகொள்வோம். முன்பக்கம் எஞ்சின் இருப்பதால் பின்சக்கரங்கள் மீது 45 விழுக்காடு எடை, அதாவது 720 கிலோ மட்டுமே அமர்ந்திருக்கிறது. கார் முடுக்கம் பெறும்போது எடையின் ஒரு பகுதி முன்சக்கரங்களிலிருந்து பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர், முன்பின் சக்கரங்களின் இடைவெளி 2.7 மீட்டர், முடுக்கம் புவியீர்ப்பில் பாதி எனக் கொண்டால், மாறும் எடை சுமார் 148 கிலோ. பின்சக்கரங்களின் சுமை 868 கிலோவாகிறது. டயரின் பிடிப்பு அதற்கேற்ப உயர்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாறும் எடையின் அளவைத் தீர்மானிப்பவை முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கர இடைவெளி ஆகிய மூன்றே. காரின் மூக்கு எவ்வளவு உயர்கிறது என்பது கண்ணைக் கவரலாம். ஆனால் எடை மாறுவதற்கு அது காரணமன்று. சஸ்பென்ஷன் ஆள்வது வேறொன்றை: அந்த எடை எவ்வளவு விரைவாக, எவ்வளவு சீராக, இரு பின்சக்கரங்களுக்கும் எவ்வளவு சமமாகச் சென்றடைகிறது என்பதை.

அக்கால அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்புறம், நம் ஊர் லாரிகளின் அடியில் காண்பது போன்ற பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் அமைந்திருந்தது. சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும் விசைக்கு எதிர்வினையாக, ஆக்சில் கூடு எதிர்த்திசையில் திரும்ப முயலும். அதன் மூக்கு மேலெழும்போது பட்டைகள் ‘எஸ்’ எழுத்துப் போல் வளையும். டயர் ஒரு கணம் வழுக்கினால் வளைந்த பட்டை விடுபட்டுத் திரும்பும். டயர் மீண்டும் பற்றினால் மீண்டும் வளையும். சக்கரம் தரையில் துள்ளத் தொடங்கும். இத்துள்ளல் நேரத்தை வீணாக்குவதோடு ஆக்சில் தண்டையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இணைப்பையும் முறித்துவிடும். இதனுடன் இன்னொரு தொல்லை: நீளவாக்கில் சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் முழு ஆக்சிலையும் பக்கவாட்டில் முறுக்குவதால், வலப்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து விலகப் பார்க்கும். இரு சக்கரங்களும் சமமாக உழைப்பதில்லை.

இதற்குத் தெருவோரக் கொட்டகைகளில் உருவான தீர்வுகள் கவனத்துக்குரியவை. பட்டை ஸ்பிரிங்கின் கீழ் ஓர் இரும்புத் தண்டைப் பொருத்தி, அதன் முன்முனையில் ரப்பர் கட்டை ஒன்றை வைத்தனர். ஆக்சிலின் மூக்கு எழும்பியவுடன் தண்டின் முனை ஸ்பிரிங்கின் முன் கண்ணில் முட்டி, பட்டை மேலும் வளையாமல் தடுத்தது. சுருள் ஸ்பிரிங் கொண்ட ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வலப்பின் ஸ்பிரிங்கினுள் காற்றுப்பையைச் செருகி, வலப்பக்கத்துக்குக் கூடுதல் அழுத்தம் தந்தனர். முன்புறத்தில், எளிதாக நீண்டு மெதுவாகச் சுருங்கும் ஷாக் அப்சார்பர்களை மாட்டினர். விரிவதற்கும் சுருங்குவதற்கும் உள்ள தடையின் விகிதத்தைக் கொண்டு இவற்றுக்கு ‘தொண்ணூறு–பத்து’ என்று பெயர். முன்பக்கம் தடையின்றி எழும்பி, உடனே விழாமல் நிற்கும். வி-8 காரின் முன்பக்கத்தில் ஆறு சிலிண்டர் காருக்குரிய ஸ்பிரிங்கைப் பொருத்துவதும், முன்புறச் சாய்வுத் தடுப்புக் கம்பியைக் கழற்றிவிடுவதும் செலவே இல்லாத உத்திகள். பின்புற இணைப்புத் தண்டுகளின் கோணத்தை மாற்றி, ஆக்சில் தள்ளும் விசையில் ஒரு பங்கு காரின் உடலை மேல்நோக்கித் தூக்கவும், அதன் எதிர்வினை டயரைத் தரையில் அழுத்தவும் செய்தனர். தண்டுகளின் கோடுகளை நீட்டினால் அவை சந்திக்கும் புள்ளி எங்கே விழுகிறது என்பதே இந்தக் கணக்கின் சாரம்.

இந்த இடத்தில் நம் துறையில் வழங்கும் ஓர் எளிய எதிர்நிலையை ஐயுற வேண்டியுள்ளது. பயனர்களுடையது கைப்பழக்க அறிவு, நிறுவனத்துடையது கோட்பாட்டு அறிவு என்று பிரித்துவிடுவது வசதியானது. டெட்ராய்ட்டின் ‘ராம்சார்ஜர்ஸ்’ குழு இப்பிரிவினைக்கு அடங்காது. அக்குழுவினர் கிரைஸ்லர் நிறுவனத்தில் பணியாற்றிய இளம் பொறியாளர்கள். பந்தயத்துக்கு வந்ததோ பொழுதுபோக்காளர்களாக. 1949ஆம் ஆண்டின் பழைய பிளிமத் காரை எடுத்து, அதன் உடலைத் தரையிலிருந்து வேண்டுமென்றே மிக உயரத்தில் நிறுத்தினர். ‘ஹை அண்ட் மைட்டி’ எனப் பெயர் பெற்ற அந்த வண்டி 1959ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் ஓடியது. பார்வைக்குக் கோமாளித்தனம்; ஆனால் மேலே கண்ட சமன்பாட்டில் உயரம் என்னும் உறுப்பை மட்டும் பெருக்கிய சோதனை அது. அலுவலகத்தில் கற்ற கணக்கைக் கொட்டகையிலும், கொட்டகையில் கண்ட விளைவை அலுவலகத்திலும் பயன்படுத்தியவர்கள் இவர்கள்.

அதன் பின் அறிவு இருதிசையிலும் பாய்ந்ததைக் காண்கிறோம். கிரைஸ்லர் கார்களின் பின் ஆக்சில், பட்டை ஸ்பிரிங்கின் நடுவில் அமராமல் முன்தள்ளி அமர்ந்திருந்தது. முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்ததால் வளைவு குறைந்தது. அந்நிறுவனம் ஆக்சில் மூக்கின் மேல் ரப்பர் முட்டுக்கட்டை ஒன்றைப் பொருத்தியது. பந்தயத்தினருக்கென இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் வெவ்வேறான ஸ்பிரிங்குகளையே விற்றது. கரோல் ஷெல்பி 1965இல் வெளியிட்ட ஜிடி-350 மஸ்டாங்கில் வெளிச்சந்தையின் இழுவைத் தண்டுகள் இடம்பெற்றன. ஷெவர்லே 1967இல் கமாரோவை ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்குடன் அறிமுகப்படுத்தியது. துள்ளல் சிக்கலால் அடுத்த ஆண்டே இரு ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை ஆக்சிலுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னுமாக மாற்றி அமைத்தது. கொட்டகைகள் அறிந்திருந்த குறையைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டதற்கு, எந்த அறிக்கையையும்விட அந்த மாற்றமே தெளிவான சான்று.

எனினும் இந்த உறவுக்கு ஓர் எல்லை இருந்தது. 1965இல் கிரைஸ்லர் தன் சில பந்தயக் கார்களின் பின்சக்கரங்களை 15 அங்குலமும் முன்சக்கரங்களை 10 அங்குலமும் முன்னே நகர்த்தியது. எடையின் பெரும்பங்கு இயல்பாகவே பின்சக்கரங்கள் மீது அமர்ந்தது. இவ்விசித்திர உருவங்களைக் கண்டவர்கள் இட்ட ‘ஃபன்னி கார்’ என்னும் பெயரே பின்னர் தனி வகுப்பின் பெயராயிற்று. 1970இல் ‘ப்ரோ ஸ்டாக்’ வகுப்பு தொடங்கப்பட்டது. 1972இல் பில் ஜென்கின்ஸ் குழாய்ச் சட்டத்தின் மேல் வேகா காரின் உடலைப் போர்த்தி ஓட்டினார். பெயரில் ‘ஸ்டாக்’ எஞ்சியது; தெருக் கார் எஞ்சவில்லை. பந்தய வண்டியும் பயண வண்டியும் பிரிந்த புள்ளியாக இதைக் கொள்ளலாம்.

அந்தப் பிரிவு ஏன் நேர்ந்தது என்பதற்குப் பணமும் புகழும் மட்டும் விடையாகா. நேர்கோட்டுப் புறப்பாட்டுக்கு நன்மை செய்யும் ஒவ்வொரு திருத்தமும் தெருவில் ஒன்றை விலையாகக் கேட்கிறது. சாய்வுத் தடுப்புக் கம்பி இல்லாத கார் வளைவில் சரிகிறது. எளிதாக நீளும் முன் ஷாக் அப்சார்பர் கரடுமுரடான சாலையில் சக்கரத்தை ஒழுங்காகக் கட்டுப்படுத்துவதில்லை. புறப்பாட்டில் உடலைத் தூக்கும் அதே கோணம், பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரத்தைத் தரையிலிருந்து விலக்கப் பார்க்கிறது. ஞாயிறன்று கால் மைலுக்குச் சரிசெய்த காரைத்தான் திங்களன்று மழையில் ஓட்டிச் செல்ல வேண்டும். இளைஞர்களைத் தெருவின் ஆபத்திலிருந்து மீட்கத் தோன்றிய களம், அதே தெருவில் ஓடும் கார்களைக் குறைந்த பாதுகாப்புடையவையாக மாற்றுவதற்கும் தூண்டுதலாயிற்று. இந்த முரண் அவ்வரலாற்றின் உள்ளேயே இருப்பது; வீரகதையாக எழுதுவோர் இதைத் தவிர்த்துவிடுகின்றனர்.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ஒரு காரைக் குறிப்பிட்டால் போதும். 2018ஆம் ஆண்டின் டாட்ஜ் சேலஞ்சர் டீமன், மென்மையான ஸ்பிரிங்குகளோடும் மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஷாக் அப்சார்பர்களோடும் விற்கப்பட்டது. டிராக் நிலையைத் தேர்ந்தால் முன்புறம் எளிதாக எழும்பி, மெதுவாக இறங்கும். வழக்கமான நிலைக்கு மாற்றினால் தெருவுக்கேற்ப விறைக்கும். கொட்டகைகளின் ‘தொண்ணூறு–பத்து’ இப்போது ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டது. ஞாயிறுக்கும் திங்களுக்கும் இடையிலிருந்த அந்த விலையைக் கணினி பெருமளவு குறைத்திருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்துபவர் அதன் உள்ளே இருக்கும் காரணத்தை அறிய வேண்டியதில்லை. முன்னோர் படுத்துக்கொண்டு கற்றதை இவர் விலைக்கு வாங்குகிறார்.

தொழில்நுட்பத்தின் பொருளைப் பயனர்களும் தீர்மானிக்கின்றனர் என்று, கிராமப்புற அமெரிக்காவின் காரைச் சான்றாக வைத்து 1996இல் ரொனால்ட் கிளைனும் டிரெவர் பிஞ்சும் வாதிட்டனர். டிராக் பந்தயத்தின் தொழில்நுட்பத்தை முதன்மையான கல்விப்புல ஆய்வாக எழுதிய ராபர்ட் போஸ்ட், பொழுதுபோக்காளரின் ஆர்வமும் புத்தாக்கத்தின் ஊற்றே எனக் காட்டினார். இவ்விரு வழிகளையும் பின்பற்றும் மாணவர்களுக்கு நான் சேர்க்க விரும்புவது சான்றுகள் பற்றிய ஓர் எச்சரிக்கை.

இந்த அறிவின் பெரும்பகுதி காகிதத்தில் இல்லை. காரின் அடிப்பகுதியில் இருக்கிறது. சட்டத்தில் துளைத்த துளைகள், பற்றவைத்த தாங்கிகள், நகர்த்தப்பட்ட ஷாக் அப்சார்பர் முனைகள் ஆகியவையே இதன் ஆவணங்கள். இன்றோ அக்கார்கள் சேகரிப்பாளர்களின் கையில் விலையுயர்ந்த பொருள்களாகிவிட்டன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தோற்றத்துக்கு மீட்பதே மதிப்பைக் கூட்டுகிறது என்பதால், தண்டுகள் கழற்றப்படுகின்றன, துளைகள் அடைக்கப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகிறது. பயனர் எழுதிய வரியை அழித்து நிறுவனம் எழுதிய வரியை மட்டும் மீட்கும் செயல் அது. ஓலைச்சுவடியின் ஓரக்குறிப்புகளைச் சுரண்டிவிட்டு மூலத்தைத் தூய்மைப்படுத்தியதாக எவரேனும் சொன்னால் நாம் அதிர்ச்சியடைவோம். இரும்பில் அதே செயல் நிகழும்போது அதைப் பாதுகாப்பு என்கிறோம்.

அருங்காட்சியகங்களில் பழைய வண்டி எதையேனும் ஆராயச் செல்லும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். முகப்பையும் எஞ்சினையும் படம் எடுத்த பின், அனுமதி பெற்று அடிப்பகுதியையும் பாருங்கள். அங்கே காரணம் விளங்காத துளை ஒன்று தென்பட்டால், அதைக் குறையாகக் கருதாமல் சான்றாகக் கொண்டு அளந்து பதிவு செய்யுங்கள்.